சாவிகளை வைத்துவிட்டவர்கள்

பத்துப் பேருமே தலைவர்களாக இருக்கிற ஒரு வீட்டில், ஒரே ஒரு ஆளை என்கூட அனுப்புங்கள் என்று கேட்க யார் முன்னால் போய் நிற்பது, நீங்களே சொல்லுங்கள்? மத்தியானம் சாப்பிடாமல் வந்து உட்கார்ந்தவள், வெயில் சன்னலைத் தாண்டி நாற்காலிக் காலுக்கு வந்துவிட்டது, இன்னும் எனக்கு அது தெரியவில்லை. பத்து ஊரில் பத்து மடங்களுக்கு அதிபர்களாக இருக்கிற சாமிமார்கள். கொடைரோட்டுக்கு இந்தப் பக்கம் மலையடியில் இருக்கிற இந்தத் தியான இல்லத்தில் ஒரு வாரத்துக்குக் கூடியிருக்கிறார்கள். சகோதரத்துவப் புதுப்பித்தல் வாரம் என்று வாசலில் பேனர் கட்டியிருக்கிறது, அதில் ஒரு முனை அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது, பிடித்துக் கட்டத்தான் கை போனது, இடுப்பில் பிள்ளை இருந்ததால் விட்டுவிட்டேன். இவர்கள் சபையை ஆரம்பித்தவர் காலத்தில் ஒரு வழக்கம் இருந்ததாம். தலைவர்கள் ஒன்றுகூடும்போது முதல் நாளே அவரவர் மடத்துச் சாவியைக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் ஒரு பித்தளைத் தட்டில் வைத்துவிட வேண்டும், கடைசி நாள் பூசை வரைக்கும் யாரும் அதிபர் கிடையாது, யாரும் யாரையும் ஏவக்கூடாது, யாரும் யாருக்கும் அனுமதி கொடுக்கவும் முடியாது, எல்லாம் வட்டமாக உட்கார்ந்து பேசித்தான். நடுவில் விட்டுப்போன அதை இந்த வருசம் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். நல்ல விசயம்தான், நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. ஆனால் கைபேசிகளும் அந்தத் தட்டில்தான் இருக்கின்றன. போன் இருக்கிற இந்த இல்லத்து ஆபீஸ் சாவியும் அந்தத் தட்டில்தான் இருக்கிறது. காலையிலிருந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அடித்து அடித்துப் பார்த்தேன், மணி போகிறது, எடுக்க ஆள் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரையில் பஸ் ஏறி, இறங்கி, ஆட்டோ பிடித்து வந்து நின்றால் பூட்டின அறைக்குள் அப்போதும் மணி அடிக்கிறது. என் வீட்டுக்காரர்தான், என் கைபேசிக்கு லைன் கிடைக்காமல், நான் வந்து சேர்ந்துவிட்டேனா என்று கேட்க அடித்தாராம்.

மதலைமுத்து சாமிதான் முதலில் வந்தார். இவர்கள் எல்லாருக்கும் மேலே இருக்கிற மாநிலத் தலைவர். அப்பாடா, பெரிய ஆளையே பிடித்துவிட்டோம் என்று இருந்தது எனக்கு. "சாமி, நான் இன்னாசி சாமியோட தங்கச்சி பெர்னா. அப்பாவுக்குக் காலை எடுக்கணும்ங்கிறாங்க. அண்ணனைக் கூட்டிட்டுப் போக வந்தேன்" என்றேன். அவர் முகம் உண்மையிலேயே வாடிப்போனது. "அடடா, உக்காரும்மா, முதல்ல பிள்ளைய இறக்கு" என்றார். விசிறி போட்டார். பிறகு, "ஆனா நானா அவரைப் போன்னு சொல்ல முடியாதும்மா. இந்த வாரம் நானும் வெறும் சகோதரன்தான்" என்றார். "நீங்கதான சாமி பெரியவரு?" "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் திரும்பப் பெரியவன் ஆயிருவேன்" என்று கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். நாளைக்குக் காலையில் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை எங்கே இருக்கிறது. அவர் உள்ளே போய்ச் சொல்லி அண்ணன் வந்தார், ஒரு நிமிசம்தான். வெள்ளை அங்கி, முகத்தில் தாடி கொஞ்சம் கூடியிருந்தது. நான் சொன்னதைக் கேட்டார். கேட்கும்போதே என் மடியில் கிடந்த அன்சிலாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார், பிள்ளை முகத்தைப் பார்க்காமல் பாதத்தையே பார்த்தார். "வலி இருக்கா அப்பாவுக்கு?" என்று கேட்டார். "இல்லண்ணே, அதான் மோசம்ங்கிறாங்க" என்றேன். "இரு, உள்ள கேட்டுட்டு வர்றேன்" என்று போனவர்தான். அந்தக் கதவு சாத்தினது, அப்படியே இருக்கிறது.

டீ மட்டும் வருகிறது. முதலில் ஒரு சாமி கொண்டுவந்தார், குடித்தேன். கொஞ்சம் கழித்து இன்னொரு சாமி, "யாரும் ஒண்ணும் குடுக்கலையாம்மா" என்று கொண்டுவந்தார், வேண்டாம் என்றால் மனசு கஷ்டப்படுவாரே என்று அதையும் குடித்தேன். மூன்றாவதாக ஒருத்தர் தட்டோடு வந்து நின்றபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஏவ ஆளில்லாத வீட்டில் எல்லாரும் எல்லா வேலையும் செய்கிறார்கள் போல. அவரவர் மடத்தில் கை தட்டினால் டீ வரும், இங்கே அவர்களே கொண்டுவந்து கொடுப்பதில் அவர்களுக்கு ஒரு சந்தோசம் இருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இத்தனை நல்லவர்கள் கூடியிருக்கிற இடத்தில் ஒரு சின்னக் காரியம் நகர மாட்டேன் என்கிறதே, அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவர்களாக இருந்தால் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். அன்சிலா நெஞ்சில் முட்டுகிறாள். பாலுக்கு நேரமாகிவிட்டது, எனக்கே கட்டிக்கொண்டு வலிக்கிறது. சாமிமார் வீட்டு வரவேற்பறையில் எங்கே போய்ப் பால் கொடுப்பது? எதிர்ச்சுவரில் சபையை ஆரம்பித்தவர் பெரிய படமாக மாட்டியிருக்கிறார், எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் என்னையே பார்க்கிறார். நாற்காலியை இழுத்துச் சன்னல் பக்கம் திருப்பிப்போட்டு முந்தானையை மூடிக்கொண்டேன். அவரும் ஒரு தாயிடம் குடித்தவர்தானே. பிள்ளை குடிக்கத் தொடங்கியதும் உடம்பு கொஞ்சம் இளகிற்று, இளகினவுடனே அந்த வாடை வந்துவிட்டது. இங்கே இல்லை, மூக்குக்குள்ளேயே இருக்கிறது அது, நேற்றிலிருந்து. டெட்டாலுக்கும் பினாயிலுக்கும் அடியில் இருக்கிற வாடை. நர்ஸ் அப்பாவின் கட்டைப் பிரித்தபோது நான் பிள்ளையின் முகத்தை என் கழுத்தில் அழுத்திக்கொண்டேன், பிள்ளை பார்க்கக்கூடாது என்றா, அதன் தலையிலிருக்கிற எண்ணெய் மணத்தை நான் பிடித்துக்கொள்ளவா, எனக்கே தெரியவில்லை.

ஒரு கருவேல முள். அவ்வளவுதான் ஆரம்பம். சர்க்கரை இருக்கிற ஆள், செருப்புப் போடுங்கப்பா என்று சொல்லிச் சொல்லி நான் வாங்கிக் கொடுத்த செருப்பைக் கோயிலுக்குப் போட்டுப் போகத்தான் என்று எடுத்து வைத்துவிட்டுக் காட்டுக்கு வெறுங்காலோடு போவார். முள் குத்தினதே தெரியவில்லை, உணர்ச்சி இல்லை. சின்ன விரல் கறுத்தபோது மண் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக் கழுவினேன். கழுவக் கழுவப் போகாத மண். அதை நினைத்தால் என் கைவிரல் இப்போதும் கூசுகிறது, பிள்ளையின் காலைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன், ஐந்தும் சிவப்பாக இருக்கின்றன. டாக்டரம்மா சின்ன வயசுதான், என் வயசுதான் இருக்கும், நல்ல மாதிரி. "முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டா ஆளைக் காப்பாத்திரலாம், மேல ஏற விட்டுட்டா என் கையில இல்ல" என்றார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். சப்பரம் தூக்கின கால் அது. எங்கள் ஊர்த் திருவிழாவில் சப்பரத்தின் முன்வலத் தண்டு எப்போதும் அப்பா தோளில்தான், அவர் அடி எடுத்து வைத்தால்தான் மற்றவர்கள் அடி எடுத்து வைப்பார்கள். "கால் இல்லாம நான் எதுக்குத்தா" என்றார் என்னிடம். நான் அழுதேன், திட்டினேன், பேத்தியைக் கொண்டுபோய் வயிற்றின் மேல் உட்காரவைத்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை. கடைசியில் சொன்னார், "சாமி வந்து சொல்லட்டும். சாமி சொன்னா வெட்டிக்கிறேன்." சாமி என்றால் அண்ணன்தான். பெற்ற மகனை அப்படித்தான் கூப்பிடுகிறார். குருப்பட்டத்தன்று எண்ணெய் பூசின அண்ணன் கைகளை அப்பா முழங்காலில் நின்று உதடு வைத்து முத்தி செய்தார், எல்லாத் தகப்பனும் செய்வதுதான், ஆனால் எங்கள் அப்பா அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றும். அதுவரைக்கும் "எலேய் இன்னாசி" என்று தெருமுனையிலிருந்து கத்துகிறவர், மறுநாளிலிருந்து வாங்க சாமி, சாப்பிடுங்க சாமி. அண்ணன் வீட்டுக்கு வந்தால் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பார்கள். பஸ் போனால், பஸ் போகிறது என்று ஒருத்தர் சொல்வார். மற்றவர் ஆமாம் என்பார்.

கதவுக்குப் பின்னால் யாரோ பேசுகிறார்கள். வார்த்தை புரியவில்லை, இழுவை மட்டும் கேட்கிறது. ஒருத்தர் பேசினால் மற்றவர் குறுக்கே பேசக்கூடாதாம், பேசி முடித்ததும் எல்லாரும் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்க வேண்டுமாம், அப்புறம்தான் அடுத்தவர். டீ கொண்டுவந்த சாமி சொன்னார். அந்த அமைதி வரும்போதெல்லாம் முடிந்துவிட்டது போல என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிடுகிறேன், அப்புறம் இன்னொரு இழுவை ஆரம்பிக்கும், திரும்ப உட்காருகிறேன். எங்கள் வீட்டில் குழம்புக்குப் புளி போதுமா என்று கேட்டால் நாலு பேரும் ஒரே நேரத்தில் நாலு பதில் சொல்வோம், குழம்பும் கொதித்து இறங்கிவிடும். ஒரு கிழவனுக்குக் கால் போகப்போகிறது, அவர் மகனை அனுப்பலாமா கூடாதா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இதற்கு ஆவியானவர் வேறு வந்து சொல்ல வேண்டுமா? பாவம், இப்படி நினைக்கக்கூடாது, மன்னித்துக்கொள்ளும் ஆண்டவரே. ஆனால் சகோதரத்துவம் சகோதரத்துவம் என்று பேனரில் எழுதியிருக்கிறார்களே, கூடப் பிறந்தவள் நான் ஒருத்தி கதவுக்கு வெளியேதானே உட்கார்ந்திருக்கிறேன். இவர்கள் அண்ணனை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது இன்றைக்கா? அம்மா செத்தபோது அடக்கப் பூசை அண்ணன்தான் வைத்தார். ஒரு இடத்தில்கூடக் குரல் நடுங்கவில்லை. ஊரே, சாமின்னா இப்படி இருக்கணும் என்றது. எனக்கு மட்டும் பிடிக்கவில்லை. அம்மாவை, நமது சகோதரி என்று ஜெபத்தில் சொன்னார், எல்லாருக்கும் சொல்கிற மாதிரி. சாயங்கால பஸ்ஸில் கிளம்பிவிட்டார், மறுநாள் மடத்தில் கூட்டம் என்று. அப்போதே இவர்கள்மேல் எனக்குக் கோபம், இந்தக் கூட்டங்கள்மேல், இந்த அமைதிகள்மேல். ஒருநாள்கூட விடமாட்டார்களா ஒரு மனுசனை? இன்றைக்கும் விடமாட்டார்கள். பேசிப் பேசி இருட்டிவிடும், கடைசி பஸ்ஸில் நான் வெறுங்கையோடு போய் இறங்குவேன், அப்பா வாசலைப் பார்ப்பார், என் பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புவார். அதுதான் எனக்குப் பயம். கால் போவதுகூட இல்லை, அந்தத் திரும்புதல்.

கைபேசி உறுமியது. வீட்டுக்காரர். "என்னடி, கிளம்பியாச்சா?" "பேசிக்கிட்டிருக்காங்க." "யாரு?" "பத்துச் சாமிமாரும்." "எதப் பத்தி?" "அண்ணன அனுப்புறதப் பத்தி." "எங்க லோடுமேன் யூனியனே பரவாயில்ல போலயே" என்றார். சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. "மாமாவுக்குக் காய்ச்சல் ஏறியிருக்கு பெர்னா. டாக்டரம்மா வந்து பாத்துட்டுப் போனாங்க. கையெழுத்து ராத்திரிக்குள்ள வேணும்ங்கிறாங்க" என்றார். வைத்துவிட்டேன். அன்சிலா தூங்கிப்போயிருந்தாள், வாயோரத்தில் பால். எழுந்து கதவைத் தட்டிவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன், தட்டாமலே உள்ளே போய்விட வேண்டியதுதான் என்று நினைத்தேன், பெண்பிள்ளை போகக்கூடாத இடமோ என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே இருக்கும்போது கதவு தானாகத் திறந்தது. தைரியநாதன் சாமி. அண்ணனோடு பதினெட்டு வயசில் குருமடத்தில் சேர்ந்தவர், எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா கையால் மீன்குழம்பு சாப்பிட்டவர், குண்டு, மூச்சு வாங்கும். அவர் கையிலும் ஒரு டீ.

"சாமி, இதைக் குடிச்சா நான் செத்துருவேன்" என்றேன். அவர் டீயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தானே குடித்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, நாங்க விடமாட்டேங்கிறோம்னு நினைச்சியா?" என்றார். நான் பிள்ளையின் வாயோரத்தைத் துடைத்தேன். "முதல் சுத்துலயே அத்தன பேரும் போடான்னு சொல்லியாச்சு. அவன்தான் எனக்கு மட்டும் எதுக்கு விலக்குங்கிறான், இன்னொரு தடவ எல்லாரும் ஜெபிச்சுப் பாருங்கங்கிறான். நாங்களும் ஜெபிச்சிட்டுத் திரும்பப் போடாங்கிறோம். திரும்ப முதல்லருந்து ஆரம்பிக்கிறான். வேற வாரமா இருந்தா மதலைமுத்து ஒரு அதட்டு அதட்டி வண்டியில ஏத்திருப்பாரு. இப்ப அதட்டவும் ஆளில்ல." இதைச் சொல்லும்போது அவருக்கே எரிச்சலும் சிரிப்புமாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மத்தியானத்திலிருந்து சேர்த்துவைத்திருந்த கோபத்தையெல்லாம் எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியவில்லை. இவர்கள் இல்லை. கதவும் இல்லை, சாவியும் இல்லை. அண்ணன். அப்படியானால் அம்மா அடக்கத்தன்று சாயங்கால பஸ்? மறுநாள் உண்மையிலேயே கூட்டம் இருந்ததா? இல்லை, அன்றைக்கும் யாரும் வரச் சொல்லவில்லையா? கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. பாதத்தைப் பிடித்துக்கொண்டு வலி இருக்கா என்று கேட்டாரே, அந்தக் குரல் இப்போதுதான் எனக்குக் கேட்டது, அப்போது கேட்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். "உள்ள வரலாமா சாமி?" "வாம்மா. வேண்டாம்னு சொல்ல இங்க யாருக்கு அதிகாரம்?" என்றார் அவர்.

பெரிய அறை, நாற்காலிகள் வட்டமாக, நடுவில் ஒரு மெழுகுவர்த்தி, பகலிலேயே எரிந்துகொண்டிருந்தது. நான் நுழைந்ததும் எல்லாச் சாமிமாரும் எழுந்துவிட்டார்கள், அண்ணனைத் தவிர. அவர் முழங்கால்களுக்கு நடுவே கைகளை வைத்துக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தார். இத்தனை வருசத்தில் அண்ணன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "அண்ணே, எல்லாரும் போகச் சொல்லிட்டாங்களாம்ல. நீங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க?" என்றேன், சத்தமாகத்தான். அவர் என்னைப் பார்க்காமலே, "நான் சொன்னா அப்பா சரின்னுருவாரு பெர்னா" என்றார். "அதுக்குத்தான கூப்பிட வந்தேன்." "யோசிக்க மாட்டாரு. கேள்வி கேக்க மாட்டாரு. கும்பிட்டுட்டுச் சரின்னுருவாரு. ஆபரேஷன் மேசையில ஏதாவது ஆயிருச்சுன்னா, நான் சொன்னதுக்காகச் செத்தவரா இருப்பாரு. அவரோட மகனா ஒரு வார்த்தை பேசிட்டுச் சொல்லணும். அது எனக்கு வர மாட்டேங்குது. நான் அப்பான்னு ஆரம்பிச்சாலே அவரு எந்திரிச்சு நிக்கிறாரு." "இப்ப அவரால எந்திரிச்சு நிக்க முடியாதுண்ணே" என்றேன். சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட வார்த்தை என்று எனக்கு உறைத்தது. மதலைமுத்து சாமி தரையைப் பார்த்தார். அவர்களில் எத்தனை பேருக்கு இதே மாதிரி கையை முத்தி செய்துவிட்டு எழுந்திருக்காத தகப்பன்மார் இருந்தார்களோ, ஒவ்வொரு முகமும் எங்கோ போய்விட்டு வந்தது.

"நீயே இன்னொரு தடவ சொல்லிப் பாரேன்" என்றார் அண்ணன், சின்னப் பையன் மாதிரி. "சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சுப்போச்சு. காய்ச்சல் ஏறியிருக்கு. ராத்திரிக்குள்ள கையெழுத்து வேணுமாம்" என்றேன். காய்ச்சல் என்றதும் அவர் எழுந்தார். எழுந்து நின்றாரே தவிர அடி எடுத்து வைக்கவில்லை. கையை அங்கியில் துடைத்துக்கொண்டார், துடைக்க ஒன்றுமில்லை அதில். நான் நினைத்துக்கொண்டேன், இவர் உட்காருங்கள் என்றால் முந்நூறு பேர் உட்காருகிறார்கள், முழங்காலிடுங்கள் என்றால் முழங்காலிடுகிறார்கள், எனக்கு இது வேண்டும் என்று யாரிடமாவது இவர் கேட்டு நான் பார்த்திருக்கிறேனா? அம்மாவிடம் இன்னொரு கரண்டி சோறுகூடக் கேட்க மாட்டார், அவளாகப் போட்டால் சாப்பிடுவார். வட்டத்துக்குள் இருந்த எல்லாரும் காத்திருந்தார்கள். அண்ணன் தலையைத் திருப்பி, கதவோரம் காலி டம்ளரோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவரைப் பார்த்தார்.

"தைரியம், நீயும் என்கூட வாடா. அங்க போயி எனக்கு வாய் வரலன்னா, எங்கப்பாட்ட எனக்காக நீ பேசு."